பூங்காவின் பாதி மண்ணுக்கு அடியில்

தனுஷ்கோடி மணலில் கொஞ்சம் தோண்டினால் ஊற்று பிடிக்கும். இரண்டு பக்கமும் கடல், ஊறி வருவதோ நல்ல தண்ணீர். சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கிணறே கடலுக்குள் நிற்கிறது, தண்ணீர் கரிப்பதில்லை. இந்த அதிசயத்தின் கணக்கு தெரிந்தால், நம் கரையோர ஊர்களுக்குப் பூங்கா எதற்கு என்பதும் விளங்கிவிடும்.

மணலுக்கு அடியில் கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. மழைநீர் அதன்மேல் போய் இறங்குகிறது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1.025 கிலோ; நல்ல தண்ணீர் 1 கிலோ. அந்த 25 கிராம் வித்தியாசத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. மணல் இடுக்கில் அலையடிக்க வழியில்லாததால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் பேடன் கைபனும், 1901-ல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் இதைக் கணக்காகவே எழுதிவைத்தார்கள்: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும்.

திருப்பிப் போட்டால் பயமாக இருக்கிறது. நீர்மட்டம் 1 அடி இறங்கினால், உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறப் பார்க்கும். கரையோர வீடுகளில் முதலில் இனித்த போர் தண்ணீர் சில வருடங்களில் உவர்ந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே மழை இறங்க இடம் வேண்டும். நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடுகிறது. ராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி வீடுகள் நெருங்கிய ஊர்களில் மாடியும் சிமென்ட் முற்றமும் தார் ரோடும் அதைக் கடலுக்கே தள்ளிவிடுகின்றன. மணல் திறந்து கிடக்கும் கால் ஏக்கர் பூங்காமேல் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 10,000 லிட்டர். வேர்கள் மண்ணைத் துளைத்து அதற்கு வழிவிடுகின்றன. சருகு மண்ணை இறுகவிடாமல் காக்கிறது. மரமும் அதில் குடிக்கத்தான் செய்யும். ஆனால் புல்தரை போட்டு, அதற்குப் போர் தண்ணீர் பாய்ச்சுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உடைமரம், பூவரசு, புன்னை, வேம்பு போதும்.

நிழலையும் சொல்ல வேண்டும். இலைகள் நீராவி விட்டுச் சுற்றுப்புறத்தைக் குளிர்விப்பது ஈரக்காற்றில் மந்தப்படும். வியர்வையே காயாத ஊர் இது. இங்கே மரம் தருவதில் பெரியது, வெயில் உடம்பிலும் தரையிலும் படாமல் தடுப்பதுதான். தகரக் கொட்டகையும் தடுக்கும். ஆனால் அது சுட்டு, அந்தச் சூட்டை நம் தலைமேலேயே இறக்கும். குடையாக விரிந்த உடைமரத்தின் பொடி இலைகளோ பட்ட வெப்பத்தைக் கடற்காற்றிடம் உடனுக்குடன் கொடுத்துவிடும்.

பூங்கா என்று பெயர் வைத்துவிட்டு மூலைக்கு மூலை பேவர் பிளாக் பதிப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. நடப்பதற்கு ஓர் ஓரம் போதுமே. மிச்சத்தை மணலாக விடுங்கள். நடுவில் ஊருணிபோல ஒரு முழம் பள்ளம் இருக்கட்டும். ஐப்பசி மழை அங்கே தேங்கி நின்று, மெல்ல உள்ளே இறங்கும்.