ப்ளூ பேட்ஜ் கிடையாது என்று கடிதம் வந்தால்

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்தச் சலுகை அட்டையான ப்ளூ பேட்ஜுக்கு விண்ணப்பித்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) மறுத்துவிட்டதா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பிப் (PIP) உதவித்தொகையை மறுத்தால் தீர்ப்பாயம் வரை போகலாம். ப்ளூ பேட்ஜ் தகுதி விஷயத்தில் அப்படி ஒரு தீர்ப்பாயம் கிடையாது. மறுத்த அதே கவுன்சிலிடம்தான் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதனால் அந்த ஒரு கடிதத்தைப் பதற்றத்தில் எழுதாதீர்கள். (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.)

ஏன் மறுத்தார்கள் என்பதைக் கவுன்சில் சொல்லியே ஆக வேண்டும். கடிதத்தில் 'நீங்கள் தகுதி பெறவில்லை' என்று மட்டும் இருந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனைக்குப் பல கவுன்சில்கள் கெடு வைத்திருக்கும். அந்தத் தேதியையும் கடிதத்தில் பாருங்கள்.

அடுத்து, பிப் முடிவுக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடமாட்டப் பகுதியில் 8 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால், தனி மதிப்பீடு இல்லாமலே பேட்ஜ் உண்டு. பயணத்தைத் திட்டமிட்டுச் செல்லும் பகுதியில்தான் ஒரு விசித்திரம். கடும் மன உளைச்சலால் எந்தப் பயணமும் போக முடியாது என்பதற்கான 10 புள்ளி இருந்தால் நேரடித் தகுதி. அதே பகுதியில் 12 புள்ளி வாங்கியவருக்கு அது கிடையாது. அவர் தனியாக ஆதாரம் காட்ட வேண்டும்! கூடுதல் புள்ளி வாங்கியவர் ஏமாறும் இடம் இது. ஆனால் 12 புள்ளிக்காரருக்குக் கதவு மூடிவிடவில்லை. 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் ஆட்டிசம், டிமென்ஷியா போன்ற வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் வழி இருக்கிறது. போகும் வழியில் கடும் மன உளைச்சலோ, தனக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்தோ நேரும் என்று காட்ட வேண்டும். சிகிச்சை தரும் நிபுணரின் கடிதம் இங்கே பெரிய துணை.

நேரடித் தகுதியோ வெளியே தெரியாத குறைபாடோ இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் நடையைப் பொறுத்தது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'சர்க்கரை, மூட்டுவலி, பைபாஸ் ஆனவர்' என்று நோய்ப் பட்டியலை மறுபடியும் அனுப்புவதில் பயனில்லை. நோயின் பெயருக்கோ வயதுக்கோ பேட்ஜ் இல்லை. எத்தனை மீட்டரில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், மூச்சு வாங்குகிறதா, யாரைப் பிடித்துக்கொள்கிறார், மறுநாள் எப்படி இருக்கிறார்? அதை எழுதுங்கள். 80 மீட்டருக்கு மேல் வேறு சிரமம் எதுவும் இல்லாமல் நடப்பவருக்குக் கிடைப்பது கடினம். அதற்குக் குறைவாக நடப்பவர்களுக்கு வலி, வேகம், மூச்சுத்திணறல் எல்லாம் கணக்கில் வரும். குறைபாடு குறைந்தது மூன்று ஆண்டாவது நீடிக்கும் என்பதும் தெரிய வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதம் ஊன்றுகோலில் நடப்பவர்களை மறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

நம் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மதிப்பீட்டுக்குப் போய், "எப்படி நடக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பரவாயில்லை, மெதுவாகச் சமாளித்துக்கொள்வேன்" என்பார்கள். வீட்டில் கழிவறை வரை போகவே சுவரைப் பிடிப்பவர், அன்றைக்கு வலியைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நடந்து காட்டுவார். அறிக்கையிலும் அப்படியே பதிவாகிவிடும். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அன்று நடந்ததற்கும் வழக்கமான நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை வரிக்கு வரி குறித்து அனுப்புங்கள். பிசியோதெரபிஸ்ட் குறிப்பு, வலி மருந்துகளின் அளவு, மருத்துவமனைக் கடிதம் இவற்றில் முதல் தடவை அனுப்பாதது எதுவோ அதைச் சேருங்கள். கவுன்சில் கணக்கில் எடுக்காத முக்கியத் தகவல் இது என்று சொல்வதுதான் மறுபரிசீலனையின் அடிப்படை.

அப்புறமும் மறுத்தால்? கவுன்சிலின் புகார் நடைமுறையை முடித்துவிட்டு, கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணமில்லை, பிரச்சினை தெரியவந்த 12 மாதங்களுக்குள் புகார் செய்ய வேண்டும். அவர் பேட்ஜ் தர மாட்டார், 'உங்களுக்குத் தகுதி உண்டு' என்றும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். காரணம் சொல்லாதது, தந்த ஆதாரத்தைப் பார்க்காதது போல முடிவெடுத்த முறையில் தவறு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். தவறு இருந்தால் மறுபடி மதிப்பிடும்படி கவுன்சிலிடம் சொல்லலாம்.

நிலைமை மோசமானால் புதிதாக விண்ணப்பிக்கத் தடை இல்லை. கட்டணம் 10 பவுண்டுக்கு மிகாது. அதுவரை, காலாவதியான பழைய பேட்ஜைக் கார் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பேட்ஜைத் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.