ஊடுருவிப் போன ஒளி மின்சாரம் தராது

மறுபடியும் அதே கோரிக்கை. கட்டடத்தின் கண்ணாடி முகப்பு முழுக்க ஒட்டுவதற்கு ஒரு சோலார் படலம் வேண்டும். உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெளிவாகத் தெரிய வேண்டும், வளைந்த மூலைகளிலும் மடங்கி உட்கார வேண்டும், கூரையில் வைக்கும் பேனல் அளவுக்கு மின்சாரமும் வர வேண்டும். கூடவே ஒரு வீடியோ. விளக்கடியில் தெளிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வளைத்துப் பிடித்திருக்கிறார்கள், அதோடு இணைத்த குட்டி மின்விசிறி சுற்றுகிறது. வீடியோ பொய்யில்லை. அப்படிப்பட்ட மோட்டார் சுற்றச் சில மில்லிவாட் போதும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டடத்தின் மின் தேவையைக் கணக்குப் போடுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

மென்படல சோலார் செல் செய்வதுதான் என் தொழில். ஒளி ஊடுருவும் செல் உண்டு, வளையும் செல்லும் உண்டு. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பலர் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். பொய் எதிர்பார்ப்போடு வாங்கியவர் ஏமாந்துபோய் மொத்தத் துறையையும் திட்டும்போது அந்த உழைப்புக்குத்தான் அடி விழுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில்தான் சறுக்குகிறார்கள். ஒரு படலத்தின் மேல் விழும் ஒளிக்கு மூன்றே வழிகள்: திரும்பிப் போகலாம், உள்ளே உறிஞ்சப்படலாம், ஊடுருவி அந்தப் பக்கம் போகலாம். மூன்றையும் கூட்டினால் நூறு சதவீதம். மின்சாரம் தருவது உறிஞ்சப்பட்ட பங்கு மட்டும்தான். உங்கள் கண்ணுக்கு வந்து சேர்ந்த ஒளி அந்தப் படலத்துக்கு எதையும் கொடுக்கவில்லை. "ஒளி போகிற போக்கில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துவிட்டுப் போகும்" என்று ஒருவர் என்னிடம் விளக்கினார். அப்படி நடக்காது. ஒரு ஃபோட்டான் ஒன்று உறிஞ்சப்படும், அல்லது தப்பிப் போகும். நானோ என்ற சொல்லை முன்னால் சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் ஒளி ஊடுருவும் செல் எப்படி வேலை செய்கிறது? ஒரு வழி, உறிஞ்சும் படலத்தை மிக மெல்லியதாக்குவது, இல்லையென்றால் லேசரால் வரிவரியாகச் சுரண்டி இடைவெளி விடுவது. இதில் அறைக்கு வரும் வெளிச்சம் குறையும், பெரும்பாலும் நிறமும் ஏறும். இன்னொரு வழிதான் அழகானது. நம் கண் பார்ப்பது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் சுமார் பாதி அதைத் தாண்டிய அகச்சிவப்பில் இருக்கிறது, சில சதவீதம் புறஊதாவில். அவற்றை மட்டும் உறிஞ்சும் பொருளைத் தேர்ந்தெடுத்தால் கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கும், மின்சாரமும் வரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லன்ட்டும் விளாடிமிர் புலோவிச்சும் 2011இல் இதைச் செய்து காட்டினார்கள். 65 சதவீதத்துக்கு மேல் ஒளி ஊடுருவிய அந்தச் செல்லின் திறன், அதாவது விழும் ஒளி ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு, 1.3 சதவீதம். அதே பொருளில் ஒளி ஊடுருவாத செல் 2.4 சதவீதம் தந்தது. காரணம் எளிது. சாதாரண செல்லில் பின்பக்க உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்பி இன்னொரு வாய்ப்புத் தருகிறது. ஊடுருவும் செல்லில் பின்பக்கமும் தெளிவாக இருக்க வேண்டும், எனவே அந்த இரண்டாவது வாய்ப்பு போய்விடுகிறது.

அதற்குப் பிறகு திறன் நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால் கோட்பாட்டு எல்லையே, கண்ணுக்கு முற்றிலும் தெளிவான ஒற்றைச் சந்திச் செல்லுக்கு (ஒளியை உறிஞ்சும் பொருள் ஒன்றே உள்ள செல்) ஏறக்குறைய 20 சதவீதம்தான். சாதாரணச் செல்லுக்கு அது 33. சரி, 5 சதவீதத் திறனுள்ள படலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் முழு வெயில் நேராக விழுந்தால் 1000 வாட், கிடைப்பது 50 வாட். ஜன்னலோ செங்குத்தாக நிற்கிறது. சூரியன் 60 டிகிரி உயரத்தில் இருந்தால், ஜன்னல் அதன் பக்கமே திரும்பியிருந்தாலும், நேரடி வெயிலில் பாதிதான் அதன்மேல் விழும். ஆக, நேரடி வெயிலிலிருந்து 25 வாட். சாய்வாக விழும் ஒளி கண்ணாடியில் கூடுதலாகத் திரும்பிப் போவதை நான் இன்னும் கழிக்கவில்லை.

இனி வளைவு. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் பிளாஸ்டிக் தாள் மேல் செய்த சிஐஜிஎஸ் (செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த பொருள்) வகைச் செல் 2022இல் 22.2 சதவீதத்தை எட்டியது. அருமையான சாதனை. ஆனால் அந்தத் தாள் பாலிஇமைடு. அதிகச் சூட்டைத் தாங்கும், நிறமோ மஞ்சள் பழுப்பு. அதற்கு மேல் மாலிப்டினம் உலோகப் படலம் வேறு. அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. விளம்பரத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு செல்லின் திறன், இன்னொன்றின் தெளிவு, மூன்றாவதன் வளைவு, மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள்.

தெளிவும் வளைவும் உண்மையில் மோதுவது மின்முனையில், அதாவது செல்லிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் படலத்தில். தெளிவாகவும் இருந்து மின்சாரத்தையும் கடத்த நாம் அதிகம் நம்பியிருப்பது இண்டியம் டின் ஆக்சைடு. கண்ணாடி மேல் படியவைக்கும்போது நன்றாகச் சூடாக்கலாம், தரம் கூடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கோ 150 டிகிரியைத் தாண்டினால் சுருங்கி நெளியும். குறைந்த சூட்டில் படிந்த ஆக்சைடுக்கு மின்தடை அதிகம். அதை ஈடுகட்டத் தடிமனைக் கூட்டினால் தெளிவு குறையும், சீக்கிரம் விரிசலும் விடும். எவ்வளவு சீக்கிரம் என்றால், அது 1 சதவீதத்துக்கு மேல் இழுபட்டு நீள்வதே ஆபத்து. 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு) தடிமனுள்ள தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தாலே வெளிப்பரப்பு 1.25 சதவீதம் இழுபடும். 25 மைக்ரான் தாளாக இருந்தால் 0.25தான்.

இந்த விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் மோசம். நுண்ணோக்கியில் வைத்தால் வளைத்த திசைக்குக் குறுக்காக மயிரிழைக் கோடுகள் அணிவகுத்து நிற்கும். மீட்டரைத் தொட்டுக்கொண்டே வளைத்தால் தடை எகிறும். தாளை விரித்ததும் விரிசல் மூடிக்கொண்டு தடை ஓரளவு இறங்கிவிடும். விற்க வந்தவர் அந்த நேரத்தில் அளந்து காட்டினால் நமக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். வெள்ளி நானோ கம்பிகள், இரண்டு ஆக்சைடு படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய வெள்ளிப் படலம், மேலும் கீழும் சம தடிமன் தாள் வைத்துச் செல்லை அதிகம் இழுபடாத நடுவில் நிறுத்துவது என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பரப்பளவு பெருகும்போதும் தாக்குப்பிடிக்கவைப்பதுதான் பாடு. ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடி தண்ணீரை உள்ளே விடாது, பிளாஸ்டிக் விடும். தடுப்புப் பூச்சு போடலாம்தான், ஆனால் அதுவும் பெரும்பாலும் நொறுங்கும் ஆக்சைடு.

ஆகவே வாங்குகிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். திறனும் ஊடுருவலும் ஒரே துண்டில் அளந்தவையா? அந்தத் துண்டின் பரப்பு எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு என்றால் அதை முகப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த ஆரத்தில், உள்பக்கமாகவா வெளிப்பக்கமாகவா, எத்தனை முறை வளைத்தார்கள், அதற்குப் பிறகு திறன் என்ன? 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்த சோதனை முடிவு எங்கே? சோலார் பேனல்களுக்கான ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரநிலையில் இது இருக்கிறது, 2021 பதிப்பில் வளையும் பேனலுக்கான வளைப்புச் சோதனையும் சேர்ந்திருக்கிறது. பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மில்லிவாட்டில் ஓடும் சென்சாருக்கோ, பாரம் தாங்காத வளைந்த பரப்புக்கோ என்றால் தாராளமாக முயற்சி செய்யுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன் கண்ணாடி போட்டவரிடம் கேளுங்கள். படலம் அகச்சிவப்பை உறிஞ்சினால் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறும், சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பு குளிர்ந்தே இருக்கும், அந்த வேறுபாட்டில் கண்ணாடி விரிசல் விடலாம். அப்புறம், அளவு பொருந்தவில்லை என்று கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். இரண்டு மின்முனைகளுக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வெட்டிய இடத்தில் அவை ஒட்டிக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும், ஒட்டாவிட்டாலும் அந்த விளிம்பு வழியாக ஈரம் ஏறும். பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளில் செய்த வகையென்றால் பெரும்பாலும் ஈயமும் இருக்கும். கிழிந்துபோன துண்டை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். பையில் மூடி விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.