வழி சொல்ல மறுக்கும் வைஃபை பெட்டி

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கிவிட்டோம். பையன் எட்டாவது, பாப்பா ஐந்தாவது. பகலெல்லாம் நாங்கள் தக்காளித் தோட்டத்தில் கிடக்கிறோம். பிள்ளைகள் கண்டதையும் பார்க்காமல் இருக்க என்ன வழி? காசு கட்டி ஆப் வாங்க வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். 'முழுப் பாதுகாப்பு' என்று விளம்பரம் செய்யும் ஆப்கள் பலவற்றை நான் வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய் வரிசையில்தான் வைத்திருக்கிறேன். பிள்ளை எங்கே போகிறது, யாருக்கு என்ன எழுதுகிறது என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, அதற்குக் காசும் கட்டுவானேன்? முதலில் வைஃபை பெட்டியிலேயே செய்யக்கூடிய ஒரு வேலையைப் பார்ப்போம்.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன முகவரி உண்டு என்பது தெரிந்ததுதான். நமக்கு எண் நினைவிருக்காது, பெயர்தான் இருக்கும். அதனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் போன் முதலில், "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்று ஒருவரிடம் கேட்கிறது. பதில் சொல்லும் அந்த ஏற்பாட்டின் பெயர் டி.என்.எஸ். ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயர்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாக இருந்தன. அதைத்தான் எல்லோரும் நகலெடுத்துக்கொண்டார்கள். பெயர்கள் பெருகி அது தாங்காமல் போகவே, 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்ற கணினி விஞ்ஞானி புது முறையை வகுத்தார். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே வெளியிட்டார்கள். ஆய்வுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பவர்களிடம் நான் முதலில் நீட்டும் உதாரணம் இதுதான்.

அவர் செய்ததன் அழகைப் பாருங்கள். தபால் உறையில் ஆளின் பெயரில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கிறோம். தபாலைப் பிரிப்பவரோ அடியிலிருந்து படிக்கிறார்: மாவட்டம், ஊர், தெரு, கடைசியில்தான் ஆள். டி.என்.எஸ்ஸும் வாலிலிருந்துதான் படிக்கும். நம் மாவட்டத் தளமான தர்மபுரி.நிக்.இன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். உச்சியில் இருக்கும் வேர்க்கணினிக்குத் தருமபுரியைத் தெரியாது. 'இன்' யார் பொறுப்பு என்று மட்டும் தெரியும். 'இன்'னைக் கேட்டால் 'நிக்' இருக்கும் இடத்தைக் காட்டும். 'நிக்'கைக் கேட்டால்தான் எண் கிடைக்கும். எங்கோ தொலைவில் நின்று ஒகேனக்கலுக்கு வழி கேட்பது போல. ஒருவர் தருமபுரிக்குப் போ என்பார், அங்கே இருப்பவர் பென்னாகரத்தைக் காட்டுவார், மீதியைப் பென்னாகரத்தில் கேட்டுக்கொள்ளலாம். முழு வழியையும் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, இருந்தும் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இத்தனையும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிறது.

நமக்காக இப்படி அலைந்து கேட்டு வருபவர், வழக்கமாக இணைப்புக் கொடுத்தவரின் கணினி. ஆனால் யாரிடம் கேட்பது என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் 1.1.1.3 என்ற எண்ணைக் குடும்பங்களுக்கென்று இலவசமாகத் திறந்தது. ஆபாசத் தளத்தின் பெயரைக் கேட்டால், அது கூசாமல் 0.0.0.0 என்று பதில் சொல்லும். அப்படி ஒரு வீடே கிடையாது. போன் அதை நம்பித் திரும்பிவிடும். பாதையும் திறந்திருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. வழி சொன்னவர் பொய் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்!

இதைவிட நயமான பொய்யும் உண்டு. கிளீன்பிரவுசிங் என்ற சேவையின் குடும்ப வடிகட்டி (185.228.168.168) யூடியூபுக்கு வழி கேட்டால், அதே யூடியூபின் கண்டிப்பான வாசலுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு ஆகாத வீடியோக்களை மறைக்கும் வாசலுக்கு, அனுப்பிவிடும். கூகுளே அப்படித் தனி வாசல்களை வைத்திருக்கிறது. தேடலுக்கும் ஒன்று உண்டு.

செய்வது எளிது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். டி.என்.எஸ் என்ற இடத்தில் முதலாவதாக 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3. இரண்டாவதில் வேறு சாதாரண எண் இருந்தால் கேள்வி அந்தப் பக்கமும் ஓடிவிடும். பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், 'அட்மின்' என்பது எட்டாவது படிக்கும் பையனுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டுப் பெட்டியில் இணைப்புக்காரர் அந்த இடத்தையே பூட்டி வைத்திருந்தார். கேட்டால், "அதெல்லாம் எதுக்கு சார்?" அப்புறம் ஒவ்வொரு போனிலும் தனித்தனியாகப் போட்டேன். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள போன்களில் 'பிரைவேட் டி.என்.எஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே எண்ணுக்குப் பதிலாக ஃபேமிலி.கிளவுட்ஃபிளேர்-டிஎன்எஸ்.காம் (family.cloudflare-dns.com) என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அதில் ஒரு லாபம், சிம் டேட்டாவிலும் அது வேலை செய்யும். பெட்டியில் மட்டும் போட்டால், வைஃபையை அணைத்த அந்த நொடியே வடிகட்டி இல்லை.

வேறு ஓட்டைகளும் அதே காரணத்தால்தான். வி.பி.என் (போனின் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டால் கேள்வி வேறு ஆளிடம் போய்விடும். சில பிரவுசர்கள் தாங்களே ரகசியமாக வேறு இடத்தில் வழி கேட்கும். யூடியூபில் ஒரு வீடியோவை மட்டும் மறைப்பதும் இதனால் ஆகாது, வழி சொல்பவருக்கு வீடு தெரியுமே தவிர வீட்டுக்குள் நடக்கும் பேச்சு தெரியாது. பாப்பாவின் போனுக்கு, பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பையும் சேர்த்துப் போடுங்கள், இலவசம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு, பையனைக் கண்டுகொள்ளாத வீடுகளை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் போடும் வடிகட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பதில். அப்பாவுக்கும் அதே பதில்தான், அதனால் முதல் புகார் அவரிடமிருந்து வந்தாலும் வரும்.

மாற்றிய கையோடு சோதித்தால் பழைய தளம் திறந்துகொள்ளலாம். பதற வேண்டாம். ஒருமுறை கேட்ட பதிலைப் போன் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அணைத்துப் போட்டுவிட்டுப் பாருங்கள்.