ஆக்சுவேரியல் ஆராய்ச்சிப் படிப்பு: மலைப் பிள்ளைகளுக்கு இருக்கும் அயல்நாட்டு உதவித்தொகை

பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் பிஎச்.டி.யும் படிக்க மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 இடம்தான். அதில் 3 இடம் தொன்மைப் பழங்குடியினருக்கென்றே ஒதுக்கியவை. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட சமூகங்கள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். பழனி மலையின் பளியர்கள் இந்த ஆறில் வரமாட்டார்கள். மீதமுள்ள 17 இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம். 20 இடம் என்பது மிகக் குறைவு, கூட்டியே ஆக வேண்டும். ஆனாலும் இருக்கிற இடத்துக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பம் போட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணிதமோ புள்ளியியலோ படித்தவர்களுக்கு ஆக்சுவேரியல் அறிவியல் நல்ல வழி. காப்பீட்டுக்கு எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், ஓய்வூதிய நிதியில் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று கணக்கிடும் துறை அது. இதில் முதுகலை இரண்டு வகை. ஒன்றில் பாடங்களை எழுதித் தேறினால் போதும். மற்றதில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வேடு எழுத வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இரண்டுமே தனித்தனிப் பட்டங்களாக இருக்கின்றன. பின்னால் பிஎச்.டி. போக நினைப்பவர்கள் ஆய்வு வகையை எடுப்பதே சரி.

மலையில் ஆய்வுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், அதற்குக் காப்பீடு எப்படி விலை வைப்பது என்பது ஆக்சுவேரியல் கேள்வி. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது அதிகபட்சம் 5 சதவீதம். ஆக்சுவேரியல் கணக்குப்படி வரும் முழு பிரீமியத்தில் மீதியை அரசுகள் கட்டுகின்றன. உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற ஊரிலிருந்து ஒருவர் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு வந்தால் எவ்வளவு நல்லது!

உதவித்தொகையில் கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசா செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அடங்கும். வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 15,400 அமெரிக்க டாலர். பிரிட்டன் என்றால் 9,900 பவுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 35க்குள். 30 சதவீத இடம் பெண்களுக்கு.

பலர் சறுக்குவது சான்றிதழில்தான். பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போட்டாலும் விசாரணை ஊருக்கு வந்து, அறிக்கை மேலே போய், கையெழுத்தாகித் திரும்ப வேண்டும். பந்தலூர்ப் பக்கம் பெற்றோருக்கே சான்று இல்லாத குடும்பம் என்றால் இன்னும் இழுக்கும். கடைசித் தேதி நெருங்கிய பிறகு இதைத் தொடங்கினால் அந்த ஆண்டு போய்விடும். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். வருமானச் சான்றை மட்டும் விண்ணப்பிக்கும் ஆண்டில் புதிதாக எடுத்தால் போதும்.

டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகக் குடியிருப்புகளில் வாழும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் பட்டியல் சாதியினர் நிறையப் பேர். அவர்களுக்கு இதே பெயரில் சமூக நீதி அமைச்சகத்தின் திட்டம் தனியாக உண்டு. அதில் 125 இடம், வருமான வரம்பு 8 லட்சம், பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண். க்யூஎஸ் எனும் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதமும் வேண்டும். வாட்டர்லூ அந்த 500க்குள் வருகிறது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் இதில் சில இடங்கள் உண்டு. பழங்குடியினர், பட்டியல் சாதியினர் என இரு பிரிவினருக்கும் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

படுகர் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் மேலே சொன்ன பழங்குடியினர், பட்டியல் சாதியினர் இடங்கள் அவர்களுக்கு இல்லை. பிரதமர் வித்யாலக்ஷ்மி கல்விக் கடனும் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்தான். ஆனால் கனடாவில் ஆய்வு முதுகலை மாணவர்களுக்குத் துறையே கற்பித்தல் உதவியாளர் வேலை தந்து சம்பளம் கொடுப்பது வழக்கம். விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியருக்கு எழுதி இதைக் கேட்டுவிடலாம்.