முதலில் விழுந்த கோடே முன்னால் நிற்கும்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அங்குள்ள தேசிய கலைக்கூடத்தில் சீன ஓவியர் வூ குவான்ஜோங்கின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, ஆசை வந்து சீன மை ஓவிய வகுப்பில் சேர்ந்தாராம். பயிற்சிக்குக் கொடுத்த படம் ஒரு கால்வாய் ஊர். ஆசிரியர் சொன்ன முதல் விதி: "படகை முதலில் போடுங்கள், தண்ணீரைப் பிறகு போடுங்கள். பாலம் முதலில், பின்னால் இருக்கும் வீடு பிறகு." பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தது நேர் எதிர். வானத்தையும் தரையையும் பூசி முடித்த பிறகுதான் முன்னால் நிற்கும் மரத்துக்கு வருவோம். இது வெறும் சம்பிரதாயமா, காரணம் ஏதும் உண்டா என்பது அவர் கேள்வி.

காரணம் உண்டு. அது காகிதத்துக்குள் நடக்கிறது.

முதலில் அந்த ஊர்களைப் பற்றிக் கொஞ்சம். யாங்சி ஆறு கடலில் சேரும் தாழ்நிலத்தில், சூஜோ நகரைச் சுற்றி, ஜோஜுவாங், தோங்லி, வூஜென் என்று பழைய ஊர்கள் பல. தெருவுக்குப் பதில் கால்வாய். வீட்டின் பின்வாசல் படி நேராகத் தண்ணீரில் இறங்கும். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், கருஞ்சாம்பல் ஓடு, கல் பாலம். மழையும் மூடுபனியும் அதிகம். மை ஓவியத்துக்கென்றே கட்டியதுபோன்ற ஊர்கள்: சுவருக்கு எதுவும் பூச வேண்டாம், காகிதத்தின் வெண்மையே சுவர். தண்ணீரும் பெரும்பாலும் வெறுங்காகிதம்தான். வூ குவான்ஜோங் இந்த வட்டாரத்துக்காரர். 1919இல் யிஷிங்கில் பிறந்து, 1947 முதல் 1950 வரை பாரிசில் எண்ணெய் வண்ண ஓவியம் படித்துத் திரும்பியவர். 1981இல் அவர் வரைந்த 'இரட்டைத் தகைவிலான்கள்' ஓவியத்தில் அகலமான இரண்டு வெள்ளைச் சுவர்கள்தான் படத்தையே தாங்குகின்றன. 2008இல் தன் ஓவியங்கள் 113ஐ சிங்கப்பூருக்கு நன்கொடையாகத் தந்தார். வாசகி பார்த்தவை அந்தக் கொடையின் பகுதிதான்.

இனி மை. அதில் முக்கியமாக இருப்பவை இரண்டே பொருள்கள்: புகைக்கரியும், நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையும். பைன் மரத்தையோ துங் விதை எண்ணெயையோ எரித்துப் படியும் கரியைப் பசையோடு பிசைந்து, கட்டியாக வார்த்துக் காயவைப்பார்கள். வரையும்போது கல்லில் சொட்டு நீர் விட்டு, சந்தனம் உரைப்பதுபோல் உரைத்தால் மை கிடைக்கும். கரித்துகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும். பசையிலுள்ள ஜெலட்டின் ஒவ்வொரு துகளையும் போர்த்தி, ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. துகள்கள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பவை. போர்த்தியதுபோக மீந்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே இருக்கும். இந்த மீதப் பசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் அதுதான்.

காகிதம் அன்ஹுய் மாகாணத்து ஷுவான். சிங்தான் என்ற மரத்தின் பட்டை நாரும் நெல் வைக்கோலும் கலந்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, மலைச்சரிவில் வெயிலில் வெளுக்கவிட்டுச் செய்வது. 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் எழுதும் தாளில் மை பரவாமலிருக்கப் பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள். பச்சை ஷுவானில், அதாவது பக்குவப்படுத்தாத ஷுவானில், அது கிடையாது. நார்கள் அப்படியே திறந்து கிடக்கின்றன.

தூரிகை தொட்டவுடன் நார்களின் இடுக்குகள் மையை இழுக்கின்றன. நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்ததுதான். இழுவை தொடக்கத்தில் வேகமாகவும் போகப்போக மந்தமாகவும் இருக்கும், ஏனென்றால் ஈரம் போகும் தூரம் கூடக்கூட உராய்வும் கூடுகிறது. எட்வர்ட் வாஷ்பர்ன் 1921இல் எழுதிய சமன்பாட்டின்படி, தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் நொடியில் 4 மில்லிமீட்டர் போன ஈரம், 8 மில்லிமீட்டரைத் தொட 4 நொடி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த கோட்டுக்கு நிதானமாகப் போக முடிகிறது. பரவ வேண்டியதில் பெரும்பங்கு அந்த முதல் கணத்திலேயே பரவிவிடுகிறது.

ஆனால் பரவுவது எல்லாம் ஒன்றாகப் பரவுவதில்லை. நான் சொக்கிப்போகும் இடம் இதுதான். தண்ணீர் முன்னே ஓடுகிறது. அதில் கரைந்த பசையும் கூடவே ஓடுகிறது. கரித்துகளோ நாரின் சொரசொரப்பில் சிக்கி, இடுக்குகளில் மாட்டி, பின்தங்கிவிடுகிறது. பெரிய துகள் முதலில் நின்றுவிடும். சின்னது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். ஆக ஒவ்வொரு கறுப்புக் கோட்டைச் சுற்றியும் கரியில்லாத, பசை மட்டும் ஊறிய ஒரு கரை உண்டாகிறது. காய்ந்தபின் அது வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது அதன் குறுக்கே இரண்டாவது கோட்டை இழுங்கள். முதல் கோடு இன்னும் ஈரமாக இருந்தால், அந்தக் கரையின் இடுக்குகளில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கும், உறிஞ்ச இடமில்லை. காய்ந்திருந்தால், நார்களின் மேல் ஜெலட்டின் படலம் படிந்திருக்கும். புது மையின் கரி உள்ளே இறங்கிப் பிடிக்க முடியாது. இரண்டில் எதுவானாலும் இரண்டாவது கோடு முதல் கோட்டின் அருகே வந்ததும் வெளிறி, அந்தப் பக்கம் போய் மறுபடி கறுக்கும். அதுவரை மறைந்திருந்த கரை, இரண்டாவது கோடு வந்து மோதும்போது முதல் கோட்டின் இருபுறமும் மெல்லிய வெள்ளை விளிம்பாக வெளிப்படுகிறது.

மீதியை நம் கண் பார்த்துக்கொள்கிறது. ஒரு கோடு அறுபடாமல் போய், இன்னொன்று அதன் ஓரத்தில் அறுந்து மறுபுறம் தொடர்ந்தால், அறுந்தது பின்னால் இருக்கிறது என்றே மூளை படிக்கும். மேசைக்குப் பின்னால் நாற்காலி நிற்பதை ஒற்றைக் கண்ணாலும் தெரிந்துகொள்வது இப்படித்தான். எனவே முதலில் போட்ட படகு முன்னால் நிற்கிறது; பிறகு போட்ட அலை அதன் அடியில் நுழைந்து போகிறது. எண்ணெய் வண்ணத்தில் கடைசியாகப் பூசியது மேலே. பச்சை ஷுவானில் முதலில் விழுந்தது மேலே. வாசகியின் ஆசிரியர் சொன்ன விதி இந்த இயற்பியலிலிருந்து வருகிறது.

நேரம் முக்கியம். முதல் கோடு குளமாகத் தேங்கி நிற்கும்போதே அடுத்ததைப் போட்டால் எந்தக் கரையும் தாங்காது, இரண்டும் கலந்துவிடும். மூடுபனி வேண்டுமானால் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். உரைத்த மையை நாள்கணக்கில் வைத்திருந்து வரைவதும் உண்டு. பசை சிதைந்து, கரி திரண்டு பெருத்துவிடும். பெருத்த துகள் நகராமல் விழுந்த இடத்திலேயே நிற்க, வெறும் நீர் மட்டும் வெளியே கசிந்து தனி விளிம்பாகத் தெரியும். சீன ஓவியர் ஹுவாங் பின்ஹோங் இந்தப் பழைய மையை விரும்பிப் பயன்படுத்தியவர்.

நுண்துகள்கள் நீரில் படியாமல் மிதந்து நிற்கும் மையின் இந்தக் கூழ்மத் தன்மையை 1930களில் பொறுமையாக ஆராய்ந்தவர் தெரதா தொராஹிகோ என்ற ஜப்பானிய இயற்பியலாளர். தோக்கியோவின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தார். 1913இல் எக்ஸ் கதிர்கள் படிகத்தில் சிதறுவதை ஆராய்ந்தவர், பிறகு மை, கம்பி மத்தாப்பின் பொறி, கோன்பெய்தோ என்ற சர்க்கரை மிட்டாயின் மேல் முளைக்கும் கொம்பு என்று கையருகே கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவர் நகயா உகிசிரோதான் 1936இல் ஆய்வகத்தில் முதன்முதலாகப் பனிப்பூவை வளர்த்தவர். ஒரு மைக்கட்டியை ஆராய யாரோ பணம் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. நம் ஊரில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் தொழில்துறைப் பயனை முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டியிருக்கிறது. மீதப் பசை எங்கே போகிறது என்று கேட்பவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் வேண்டும். தெரதாவைப் போன்றவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

விலையுயர்ந்த மைக்கட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய செய்முறைகளில் முத்துத்தூள், கஸ்தூரி, பச்சைக் கற்பூரம் எல்லாம் வரும். கட்டியின் மேல் தங்க ரேக்கும் ஒட்டுவார்கள். கஸ்தூரியும் கற்பூரமும் விலங்குப் பசையின் வாடையை அடக்கும். அது நல்ல காரணம். தங்கமோ முத்தோ கறுப்பை ஆழமாக்காது. கறுப்பைத் தீர்மானிப்பது கரித்துகளின் நுண்மையும் அது எவ்வளவு நன்றாகப் பிசையப்பட்டது என்பதும்தான். கற்றுக்கொள்பவர்கள் அந்தப் பணத்தை நல்ல பச்சை ஷுவானுக்குச் செலவிடுவது மேல். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். படிகாரமும் பசையும் பூசிப் 'பக்குவப்படுத்திய' வகையும் கடையில் இருக்கும். அதில் மை மேலேயே நிற்கும், மேற்சொன்ன எதுவும் நடக்காது.

முடித்த படம் உலர்ந்ததும் சுருங்கிக் கிடக்கும். அதைக் குப்புறப் போட்டு, மாவுப் பசை தடவி, இன்னொரு தாளோடு ஒட்டி நேராக்குவார்கள். முழுப்படமும் நனைகிறது, ஆனாலும் மை கலைவதில்லை. உலர்ந்தபோது ஜெலட்டின் இறுகி, கரியை நாரோடு கட்டிவிட்டது. குளிர்ந்த நீர் அதை உப்பவைக்குமே தவிரக் கரைக்காது. பசை சிதைந்த பழைய மையில் அந்தக் கட்டு பலவீனம். ஆகவே அதில் வரைந்த படத்தை ஒட்டக் கொடுக்குமுன் ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.