சீமெந்துத் தோளும் நம் தோளும்

2012 ஏப்ரலில் மட்டக்களப்பு நகரில் நின்ற நான்கு சிலைகளை யாரோ சேதப்படுத்தினார்கள். மகாத்மா காந்தி, சாரணர் இயக்கத்தின் பேடன் பவல், சுவாமி விபுலாநந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை என்று நான்கு பேரின் சிலைகள். ஒருவருக்கும் இரத்தம் வரவில்லை. ஆனாலும் ஊருக்கு உறுத்தியது. இதன் அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு உடம்பை மட்டும் பார்ப்போம். தலை போன சிலை ஒன்றைப் பார்க்கும்போது கை தன்பாட்டில் கழுத்துப் பக்கம் போகும். உடைந்து கிடக்கும் பூந்தொட்டியைப் பார்த்து எவரும் கழுத்தைத் தடவுவதில்லை. மனித உருவம் என்றவுடன் நம் மூளை வேறு கணக்கில் இறங்கிவிடுகிறது.

அந்தக் கணக்கு முகத்தில் தொடங்குகிறது. மூளையின் அடிப்பக்கத்தில் முகங்களுக்குக் கூடுதலாக வேலை செய்யும் ஒரு பகுதி இருப்பதை நான்சி கன்விஷரும் அவரது சக ஆய்வாளர்களும் 1997இல் தெளிவாகக் காட்டினார்கள். முகம் ஒன்று கண்ணில் பட்டு ஏறத்தாழ 170 மில்லிசெக்கனில் மூளையின் மின்னலைகளில் அதற்கான அடையாளம் தெரிந்துவிடும். உயிருள்ள முகமா, கருங்கல்லா என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். தேங்காயின் கண்களிலும் பஸ்ஸின் முன்பக்கத்திலும் நமக்கு முகம் தெரிவது இதனால்தான்.

பார்த்ததோடு உடம்பு நிற்பதில்லை. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் உல்ஃப் டிம்பர்கின் குழு, ஆட்களின் கன்னத்துச் சிரிப்புத் தசையிலும் புருவத்தைச் சுளிக்கும் தசையிலும் மின்முனைகளை ஒட்டிவிட்டு, சிரித்த முகங்களையும் கோப முகங்களையும் 30 மில்லிசெக்கன் மட்டும் காட்டியது. உடனேயே உணர்ச்சியில்லாத வேறொரு முகத்தைக் காட்டி முந்தியதை மறைத்துவிட்டார்கள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பையோ கோபத்தையோ பார்த்த நினைவே இல்லை. அவர்களுடைய தசைகளோ சிரிப்புக்குச் சிரிப்பாகவும் சுளிப்புக்குச் சுளிப்பாகவும் மெல்ல அசைந்திருந்தன. 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. அறிவு அறியும் முன்பே முகம் பதில் சொல்லிவிடுகிறது.

சரி, சிலை அசையாதே? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. அதே 2000இல் ஸோயி கூர்ட்சியும் கன்விஷரும் ஓடுகிற, எறிகிற நிலையில் உள்ள ஆட்களின் அசையாப் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். அசைவைக் காண்பதற்கென்றே இருக்கும் பகுதி, சும்மா நிற்கிற ஆளின் படத்தைவிட இந்தப் படங்களுக்கு அதிகமாக வேலை செய்தது. அடுத்த கணம் என்ன நடக்கும் என்பதை மூளை தானாகவே ஓட்டிப் பார்க்கிறது. நல்ல சிற்பி இதை அனுபவத்தால் அறிந்திருப்பார். அதனால்தான் முடிந்துபோன அசைவைச் செதுக்காமல், முடியப்போகும் அசைவைச் செதுக்குகிறார்.

மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் கரைவலை இழுப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். குதிக்கால் மணலில் புதைந்திருக்கும். உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்திருக்கும். கயிறு கையில் இருந்தாலும் பாரம் இடுப்பிலும் தொடையிலும்தான். முழங்கையின் உட்பக்கத்தில் நரம்பு புடைத்து நிற்கும். இந்த ஆளைச் சிலையாக வடிக்கும்போது குதிக்காலை மட்டும் மணலில் புதைக்காமல் தட்டையாக வைத்துப் பாருங்கள். முகத்தில் எவ்வளவு கஷ்டத்தைக் காட்டினாலும் சிலை பொய் சொல்கிறது என்று பார்ப்பவர் உடம்புக்குத் தெரிந்துவிடும். குதிக்கால் சரியாக இருந்தால் முகத்தைச் சிற்பி பாதியில் விட்டாலும் பரவாயில்லை. பார்க்கிறவருக்குத் தன் தொடையே இறுகும்.

இந்த இறுக்கத்துக்குப் பலர் சொல்லும் காரணம் ஆடி நியூரோன்கள், அதாவது அடுத்தவர் செயலைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் மூளைக் கலங்கள். இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கமோ ரிசொலாட்டியின் குழு குரங்குகளில் இவற்றைக் கண்டு, 1992இல் முதலில் எழுதியது. குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போதும், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் ஒரே கலம் துடித்தது. கலை வரலாற்றாசிரியர் டேவிட் ஃபிரீட்பெர்க்கும் அந்தக் குழுவைச் சேர்ந்த விட்டோரியோ கலீசியும் 2007இல் இதைச் சிற்பத்துக்குப் பொருத்தினார்கள். மைக்கலாஞ்சலோ பாதியில் விட்ட கைதிகள் சிலைகளில் உடல்கள் கல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரப் போராடுவதுபோல் இருக்கும். அவற்றைப் பார்ப்பவரின் தசைகளும் அந்தப் போராட்டத்தில் சேர்ந்துகொள்கின்றன என்பது அவர்கள் வாதம். எனக்குப் பிடித்த வாதம்தான். ஆனாலும் அடுத்தவர் உணர்வை நாமும் உணர்கிற ஒத்துணர்வு முழுவதையும் இந்த ஒரு வகைக் கலத்தின் தலையில் கட்டிவிடுவதை நரம்பியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. தசை சேர்ந்துகொள்வது ஒன்று, மனம் நோவது இன்னொன்று.

மனம் நோவதைப் பற்றிய முக்கியமான பரிசோதனை 2004இல் வந்தது. தானியா சிங்கரின் குழு 16 பெண்களை ஒவ்வொருவராக ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்தது. பெண்ணின் துணைவர் பக்கத்திலேயே இருந்தார். இருவர் கையிலும் மின்முனை. இந்த முறை வலி யாருக்கு என்பதை நிறக்குறி ஒன்று சொல்லும். தனக்கு வலித்தபோது அந்தப் பெண்ணின் மூளையில் வலியோடு தொடர்புள்ள எல்லாப் பகுதிகளும் வேலை செய்தன. துணைவருக்கு வலிக்கிறது என்று அறிந்தபோது முன் இன்சுலா, முன் சிங்குலேட் போன்ற சில பகுதிகள் மட்டும் வேலை செய்தன. வலி கையில் எந்த இடத்தில், எப்படி என்று அளக்கிற தொடுபுலப் பகுதி அமைதியாக இருந்தது. அடுத்தவர் வலியில் நமக்கு வந்து சேர்வது அதன் பாரம்தான், அதன் கூர்மை இல்லை.

எனவே பாரத்தைக் காட்டுகிற சிலைதான் நம்மைத் தொடும். பேர்லினில் நொய வாகெ என்ற நினைவு மண்டபத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. கேத்த கோல்விட்ஸ் என்ற சிற்பியின் 18 வயது மகன் 1914 ஒக்டோபரில் போர்முனையில் இறந்தான். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, இறந்த மகனை மடிக்குள் வைத்திருக்கும் தாயை அவர் சிறியதொரு சிற்பமாக வடித்தார். 1993இல் அதைப் பெரிதாக்கி அந்த மண்டபத்தின் நடுவில் வைத்தார்கள். மேலே கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. மழையும் பனியும் அந்தத் தாயின்மேல்தான் விழும். அவள் அலறவில்லை. வாய் திறந்திருக்கவில்லை. முழு உடம்பும் மகனைச் சுற்றிக் குனிந்து மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஹில்லெல் அவீசரின் குழு 2012இல் ஒரு துப்புத் தந்தது. டென்னிஸ் வீரர்கள் புள்ளி வென்ற கணத்தையும் தோற்ற கணத்தையும் பிடித்த படங்களில் முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது, மகிழ்ச்சியா துயரமா என்று பார்த்தவர்களால் பிரிக்க முடியவில்லை. முகமில்லாமல் உடம்பை மட்டும் காட்டினால் சரியாகச் சொன்னார்கள். உணர்ச்சி உச்சத்துக்குப் போனால் முகம் குழம்பிவிடுகிறது, உடம்பு குழம்புவதில்லை. மட்டக்களப்புக் கூத்துக் களரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கிருந்து கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் முகமே சரியாகத் தெரியாது, திரௌபதையின் கண்ணா தெரியப்போகிறது? தோளும் நடையும்தான் அழவைக்கும்.

இப்போது நம் பக்கத்துச் சந்திச் சிலைகளுக்கு வருவோம். ஆள் உயரத்துக்கு மேல் பீடம், சுற்றிக் கம்பிவேலி, நேராக நிற்கும் உடம்பு, அதன்மேல் பளபளக்கும் தங்க நிறப் பெயின்ற். காரைதீவுச் சந்தியில் விபுலாநந்தரையும் நாம் அண்ணாந்துதான் பார்க்கிறோம். இதில் தப்பொன்றும் இல்லை. இவை மரியாதைக்கு வைத்தவை. மரியாதைக்கு உயரம் வேண்டும். மாலை போடுகிறவர் ஏணியில் ஏறிப் படும் பாட்டைப் பார்த்தால் மாலை போடுபவர்மேல்தான் இரக்கம் வருகிறது! ஒத்துணர்வுக்கு மட்டும் உயரம் ஆகாது. பிரெஞ்சுச் சிற்பி ரோடன் கலே நகரத்துக்குச் செய்த ஆறு குடிமக்களின் சிலைத்தொகுதி 1895இல் பீடத்தின்மேல்தான் ஏறியது. சனங்களின் நடுவே, நிலமட்டத்தில் வைக்க வேண்டும் என்பது சிற்பியின் ஆசை. அவர் 1917இல் இறந்தார். சிலைகள் கீழே இறங்கியது 1924இல்.

தங்கப் பெயின்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடு பள்ளத்தை நம் கண் நிழலை வைத்துத்தான் கணிக்கிறது. கன்னக்குழி, கண்ணுக்குக் கீழ்ச் சோர்வு, தோளின் தொய்வு எல்லாம் மெல்லிய நிழல்கள். பளபளப்பான பூச்சில் வெயில் பட்டால் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னும், நிழல்கள் செத்துப்போகும். கிழக்கு மாகாணத்து மத்தியான வெயிலில் கேட்கவே வேண்டாம். சிற்பி பாடுபட்டுச் செய்த சோர்வை ஒரு டின் பெயின்ற் அழித்துவிடும்.

அதற்காகச் சிலைதான் ஒரே வழி என்றும் நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் அதிக உயிர்கள் போனது அம்பாறையில். அந்தக் கரையில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி வருகின்றன. மனித உருவச் சிலை வைப்பது முஸ்லிம் ஊர்களின் வழக்கமில்லை. தூணும் பெயர்ப் பட்டியலும் எல்லோருக்கும் பொதுவானவை. பெயர்கள் செய்யும் வேலையும் லேசானதல்ல, ஒரே குடும்பப் பெயர் வரிசையாக ஐந்து முறை வந்தால் வாசிப்பவர் நின்றுவிடுவார். எண்ணிக்கைதான் எடுபடாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பசியால் வாடும் ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் வாசித்தவர்கள், இலட்சக்கணக்கானோரின் பட்டினிப் புள்ளிவிபரத்தை வாசித்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிபரத்தையும் சேர்த்தபோது கொடுத்த தொகை குறைந்தது. மூளைக்கு ஒரு ஆள் வேண்டும்.

யார் அந்த ஆள் என்பதும் அதற்கு முக்கியம், இதுதான் கசப்பான பகுதி. 2009இல் சீனாவில் நடந்த ஆய்வொன்றில், ஊசி குத்தப்படும் முகங்களின் காணொளிகளைச் சீனர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் காட்டினார்கள். தம் இனத்து முகத்துக்கு வலித்தபோது முன் சிங்குலேட் அதிகமாகவும் மற்ற இனத்து முகத்துக்குக் குறைவாகவும் வேலை செய்தது. கேட்டால் இருவருக்கும் ஒரேயளவு வலிக்கும் என்றுதான் பதில் வந்தது. அடையாளம் தெரிந்தவுடன் மூளை அளவைக் கூட்டிக் குறைக்கிறது. போர் பார்த்த மாகாணத்தில் இதை ஆய்வகத்தில் போய்த்தான் படிக்க வேண்டுமென்றில்லை.

அம்பாறைக் கரையில் கோல்விட்ஸின் தாயைப்போல ஒருத்தியை வைக்க ஊர்கள் உடன்பட்டால், முதல் சண்டை உடுப்பில் வரும். பொட்டு வைப்பதா, முக்காடு போடுவதா, சேலையா, சீத்தையா என்று கூட்டம் கூட்டமாகக் கதைப்பார்கள். பேர்லின் தாய் தலையோடு போர்த்தியிருக்கும் துணியில் அவள் எந்த ஊர்க்காரி என்று சட்டென்று சொல்ல முடியாது. அது ஒரு வழி. கூட்டத்தில் கை எங்கே இருக்க வேண்டும், முதுகு எவ்வளவு வளைய வேண்டும் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. என்னைக் கூப்பிட்டால் நான் அதைத்தான் முதலில் கேட்பேன், பெயின்ற் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன்.