மூலிகைத் தேநீரில் 'தே' எங்கே?

"தேநீர் ஐந்து வகைப்படும்: கறுப்பு, பச்சை, வெள்ளை, ஊலாங், மூலிகை." உடல்நலம் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை எதைத் திறந்தாலும் இந்த வரி வந்து நிற்கிறது. முதல் நான்கும் ஒரே செடியின் இலை. ஐந்தாவதற்கும் அந்தச் செடிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. துளசி, புதினா, செம்பருத்தி, சீமைச்சாமந்தி என்று எதை வெந்நீரில் போட்டாலும் தேநீர்தானாம்.

சொல்லின் கதை சின்னதுதான். சீனத்தின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் இந்தச் செடிக்கு 'தே' என்று பெயர். டச்சு வணிகர்கள் சரக்கோடு சேர்த்துச் சொல்லையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா' பாரசீகம் வழியாக 'சாய்' ஆயிற்று. மலையாளம் இரண்டையும் வைத்துக்கொண்டது: இலை தேயில, பானம் சாயா. நாம் 'தே'யோடு நின்றோம். தே + இலை = தேயிலை, தே + நீர் = தேநீர். ஈழத்தில் தேத்தண்ணி. தேய்த்து உருட்டிய இலை என்பதால் தேயிலை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 'தேனீர்' என்று எழுதினால் அது தேன் கலந்த நீர். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.

ஆக, தேநீர் என்ற சொல்லின் முதல் பாதியே ஒரு செடியின் பெயர். கமேலியா சினென்சிஸ் என்பது தாவரவியல் பெயர். பறித்த கொழுந்தை உடனே ஆவியிலோ சட்டியிலோ சூடுகாட்டினால் இலையிலுள்ள நொதி செயலிழந்து பச்சை நிறம் தங்கும். அது கிரீன் டீ. வாடவிட்டு, உருட்டி, காற்றுபட வைத்தால் கறுத்துப்போகும். நாம் அன்றாடம் பால் சேர்ப்பது அதைத்தான். பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். மொட்டையும் இளந்தளிரையும் வாடவிட்டு உலர்த்துவதோடு விட்டால் வெள்ளைத் தேயிலை. கறுப்பை 'நொதிக்கவைத்த தேயிலை' என்று எழுதுகிறார்களே, அதுவும் தவறு. நடப்பது ஆக்சிஜனேற்றம், நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும் அதே வேலைதான். மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர் வேலை செய்வது பூ-அர் போன்ற சில வகைகளில் மட்டும்.

'மூலிகைத் தேநீர்' என்பதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் நியாயம், ஆங்கிலத்திலும் அப்படித்தானே என்பது. ஆங்கிலத்தில் மாட்டிறைச்சியை வேகவைத்து வடித்து நோயாளிக்குக் கொடுத்த சாறுக்கும் 'டீ' என்றுதான் பெயர். அதை 'மாட்டிறைச்சித் தேநீர்' என்று பெயர்ப்பீர்களா? அவர்கள் அந்தச் சொல்லைத் தளர்த்திவிட்டார்கள். அது அவர்கள் பாடு. பிரெஞ்சுக்காரர்கள் இலைக்கு 'தே' என்றும் மூலிகை ஊறலுக்கு 'தீசான்' என்றும் பிரித்தே சொல்கிறார்கள்.

இரண்டாவது நியாயம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: "சுக்குக் காப்பியில் காப்பிக்கொட்டையா இருக்கிறது?" உண்மைதான், பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் சுக்குக் காப்பி குடிப்பவர் சுக்கையும் மல்லியையும் நம்பித்தான் குடிக்கிறார். காப்பிக்கொட்டையின் பலன் அதில் கிடைக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. மூலிகைத் தேநீரில் நடப்பது நேர்மாறு. கட்டுரையின் மேல்பாதி தேயிலையிலுள்ள கேட்டசின்கள், தியானின் என்ற வேதிப்பொருள்களைப் புகழ்கிறது. கீழ்ப்பாதி "ஆகவே இரவில் ஒரு கோப்பை சீமைச்சாமந்தித் தேநீர் அருந்துங்கள்" என்று முடிகிறது. அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பெயர் ஒன்றுதான். தியானின் தேயிலைக்கே ஏறக்குறைய தனிச்சொத்து. சாமந்திப் பூவில் தேடினால் கிடைக்காது.

நன்மையை மட்டுமா ஏமாற்றுகிறது? தேயிலையின் கெடுதலும் தவறான இடத்துக்குப் போகிறது. ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இதையெல்லாம் கேள்விப்பட்ட ஒருத்தி காஃபீனே இல்லாத புதினா நீரைக் கண்டு பயப்படுகிறாள். இன்னொருத்தி, 'டீதானே' என்று அதிமதுரத்தை மாதக்கணக்கில் குடிக்கிறாள். அதிமதுரம் அளவு மீறினால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். அது மருந்துச் சரக்கு. அதைத் தேநீர் என்று அழைப்பது அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகிறது.

எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுவது 'எடை குறைக்கும் தேநீர்'. பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சென்னா என்றிருக்கும். சென்னா வேறொன்றுமில்லை, நம் நிலவாகை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பேதி மருந்து. எடை இயந்திரத்தில் குறைவது நீரும் மலமும். கொழுப்பு இருந்த இடத்தில் இருக்கும். 'நிலவாகைக் கசாயம்' என்று அட்டையில் போட்டிருந்தால் எத்தனை பேர் தினமும் வாங்கிக் குடிப்பார்கள்? மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைச் சோம்பலாகப் போட்டதில் விற்பவருக்கு எவ்வளவு வசதி!

சரி, மாற்று என்ன? புதுச்சொல் படைக்கவே வேண்டாம். சித்த மருத்துவம் சரக்கைக் காய்ச்சி வற்றவைத்து வடிப்பதைக் குடிநீர் என்கிறது: நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர். "குடிநீர் என்றால் குழாய்த் தண்ணீர் என்று குழம்பிவிடுவார்கள்" என்கிறார்கள். நிலவேம்புக் குடிநீரைக் குழாயில் தேடிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கசாயம் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டும் காய்ச்சுவன. பூவையோ இலையையோ கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுப்பதற்கு ஊறல் பொருந்தும்: சாமந்தி ஊறல், செம்பருத்தி ஊறல். அதுவும் கனமாகப் பட்டால் பொருளின் பெயரோடு நீரைச் சேர்த்தால் போதும். சீரகநீர், மல்லிநீர் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? துளசிநீர் என்பதில் யாருக்கு என்ன புரியாமல் போகும்?

தனித்தமிழ்க் காவலர் சிலர் 'தே' சீனச்சொல் என்பதற்காகத் தேநீரையே ஒழித்து 'கொழுந்துநீர்' என்று ஆக்கச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. தமிழ் எழுத்துக்கும் புணர்ச்சிக்கும் இசைந்து வந்துவிட்ட சொல்லை விரட்டி என்ன கண்டோம்? அதைவிடக் கிரீன் டீயைப் 'பசுந்தேயிலை' ஆக்குபவர்கள் கொஞ்சம் நிறுத்தட்டும். தேயிலை விவசாயிகளுக்குப் பசுந்தேயிலை என்பது தோட்டத்தில் பறித்து ஆலைக்கு அனுப்பும் பச்சை இலை. பசுந்தேயிலை விலை என்று செய்தி வந்தால் அது இந்த இலையின் விலை. ஆலைக்குள் போகாத இலைக்கும், ஆலையிலிருந்து வெளிவந்த சரக்குக்கும் ஒரே பெயரா? தொழில் செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதும் வழக்கம் மொழிபெயர்ப்பில் அற்றே போய்விட்டது.

சமீபகாலமாக 'சிவப்புத் தேநீர்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. தென்னாப்பிரிக்கப் புதர்ச்செடியான ரூயிபோஸைத்தான் சொல்கிறார்கள். அதில் தேயிலையும் இல்லை, காஃபீனும் இல்லை. சீனர்களோ நம் கறுப்புத் தேயிலையைத்தான் சிவப்புத் தேயிலை என்று அழைக்கிறார்கள். காஃபீனைத் தவிர்க்க நினைப்பவர் இந்தப் பெயரை நம்பி எதை வாங்கிவருவார் என்று யாருக்குத் தெரியும்? ரூயிபோஸ் என்றே எழுதுங்கள், நீர் என்று முடியுங்கள், 'தே'யை விட்டுவிடுங்கள்.